கமலாட்சியின் கூடுதல் பொறுப்பு

காஞ்சிபுரத்தை அடுத்த ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளர் கமலாட்சி 2023 ஆடி மாதத்தோடு நான்கு பேராகிவிட்டார். தபால் பிரிவு அவருடைய சொந்த நாற்காலி. நூறு நாள் வேலையைப் பார்த்தவர் ஓய்வு பெற்றார், குடிநீர் பார்த்தவர் மாற்றலாகிப் போனார், வீடு கட்டும் திட்டத்துக்கு ஆளே வரவில்லை. கூடுதல் பொறுப்பு என்று ஆணை வந்த ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை அந்த நாற்காலியில் இன்னொரு கமலாட்சி, அதே அரக்குச் சேலையில், கோப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து ஒன்று, சம்பளமும் ஒன்றுதான். இடுப்பு வலி மட்டும் நால்வருக்கும் இருந்தது. மாவட்டத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, ஆள் வரவில்லை. ஊழியர் செயல்திறனைப் பாதிக்கும் காரணிகளை ஆராய வந்த சத்யப்ரியா என்ற கல்லூரி மாணவி, இவரை ஒருவராக எண்ணுவதா நால்வராக எண்ணுவதா என்று குழம்பி நான்கு படிவம் கொடுத்தாள். சம்பளமா, பாராட்டா, மேலதிகாரியா என்ற கேள்விக்கு நான்கிலும் 'ஆள் போடுங்கள்' என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லாததால் நான்கையும் அவள் கழித்துவிட்டாள்.

பாவம், அவருடைய கணவர் கலியாணசுந்தரம். பெரிய காஞ்சிபுரத்தில் தறி நெய்கிறவர். மூன்றாவது ஆணைக்குப் பிறகு வீட்டுக்கு யாருமே வரவில்லை. மணி ஆறானதும், இன்னொருவர் கிளம்பியிருப்பார் என்று நினைத்து ஒவ்வொருவரும் அடுத்த கோப்பை எடுத்தார்கள். பத்து மாதம் இப்படியே போனது. மகள் துளசி அம்மாவுக்குத் தட்டு வைப்பதை நிறுத்திய மறுநாள், கலியாணசுந்தரம் மனு எழுதி அலுவலக வரிசையில் நின்றார்.

"நாலு பேரு இருந்துக்கினு ஒருத்தர்கூட வூட்டுக்கு வர்லன்னா எப்டிமா? பொண்ணு உன்ன கேக்கறதயே வுட்டுட்டாமா."

தபால் கமலாட்சி மற்ற மூவரையும் திரும்பிப் பார்த்தார். "இவங்கள்ல யாராச்சும் வந்துக்கினு இருக்காங்கன்னு நெனச்சேங்க," என்றார். அழுதுகொண்டே மனுவுக்கு எண் போட்டார்.

மனு நான்கு மேசைகளையும் கடந்து அதிகாரியிடம் போனது. ஒருவரை விடுவித்தால் ஒரு பிரிவு நின்றுபோகும் என்று யோசித்த அவர், கலியாணசுந்தரத்தின் வீட்டையும் கமலாட்சிக்கே கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துக் கையெழுத்திட்டார். மறுநாள் காலை ஐந்தாவது கமலாட்சி அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். துளசி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்று பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். பதினொரு மணிக்கு, மகளின் மடியில் தலைவைத்து, கமலாட்சி தூங்கிப்போனார். அதே நேரம் அலுவலகத்திலும் நால்வரும் மேசையில் தலை சாய்த்தார்கள். மனுவோடு வந்திருந்த கூட்டம் சற்று நேரம் பார்த்தது. முன்னால் நின்ற எஸ்தர் என்ற பெண்மணி மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"தூங்கட்டும்பா. நாளிக்கி வரலாம்," என்றார்.

அன்று அங்கே ஒரு வேலையும் நடக்கவில்லை. யாரும் புகார் கொடுக்கவும் இல்லை.