பதினைந்தாம் நோன்புப் பானை

இறைச்சிக் கடையில் யூஜென் வெறும் எலும்பை மட்டும் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் பதினைந்தாம் நோன்பு. சீனாவின் கைஃபெங்கில் எங்கள் சந்துப் பெண்கள் பள்ளிவாசலில், ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டார் நோன்பு திறக்கச் சாப்பாடு கொடுப்பார்கள். பதினைந்தாம் நாள் யூஜென் வீட்டாருடையது. அவள் கணவர்தான் சமைத்துக் கொண்டுவருவார். முடிந்ததும் வாசலில் நின்று காலிப் பானையைக் கவிழ்த்துக் காட்டிச் சிரிப்பார். பானை காலியாகத் திரும்பினால்தான் கொடுத்தது ஏற்கப்பட்டது என்று எங்கள் சந்தில் ஒரு நம்பிக்கை. மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் எங்கள் ஆலிமா எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

அந்த மனிதர் பனிக்காலத்தில் மவுத்தாகிவிட்டார். இந்த வருடம் வேறு யாராவது செய்யட்டும் என்றோம். "அவர் பேரால நான் செய்யறேன்" என்று யூஜென் முடித்துவிட்டாள். ரயில் நிலையத்தில் தரை துடைத்துப் பிழைப்பவள். நாற்பது பேருக்கு எலும்புத் தண்ணீரையா ஊற்றுவாள்? பாதிப் பந்தியில் பானை தீர்ந்துபோனால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

அடுத்த வீட்டு அடுப்பு புகைந்தால் என் கண்தான் எரியும் என்பார் என் மாமியார். பொய்யில்லை. காலையிலேயே வீடு வீடாகப் போனேன்.

"அரைக் கிண்ணம் போதும்னு சொல்லிடுங்க. ரெண்டாந்தரம் யாரும் கேக்காதீங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். மெய்லான் மட்டும் மூக்கால் அழுதாள். மூன்று கிண்ணத்துக்குக் குறையாதவள்.

"பொழுதன்னைக்கும் வயித்தக் காயப்போட்டுட்டு அரைக் கிண்ணமா? என் பசிக்குக் கணக்கெழுத உன்ன எப்ப வானத்து மலக்கா ஆக்கினாங்க?"

"ஒரு நாள் அடக்கிக்கடி."

"அடக்கறேன். ஆனா உன் வீட்டுக்கு வந்து உன் சட்டியத்தான் வழிப்பேன்."

மாலையில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து, தொழுதுவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தோம். யூஜென் மூடியைத் திறந்தாள். பானை நிறைய, உள்ளங்கை அகலத்துக்கு ஆட்டுக்கறித் துண்டுகள். கெட்டியான சாறு. மெய்லான் எச்சிலை விழுங்கிக்கொண்டு என்னை முறைத்தாள். யூஜென் எதிரிலேயே சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அரைக் கிண்ணம் வாங்கியவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டார்கள்.

"நல்லால்லயா?" என்று யூஜென் கேட்டாள்.

"நல்லாருக்கு, வயிறுதான் ஒரு மாதிரி." நாற்பது வயிறும் ஒரே நாளில் கெட்டுப்போயிருந்தன.

இரண்டாவது சுற்றும் கரண்டியோடு வந்தாள். யாரும் கையை எடுக்கவில்லை. பானைக்குத் திரும்பி மூடியைப் போட்டாள். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"அவரு இருந்து சமைச்சிருந்தா சாப்பிட்டிருப்பீங்க" என்றாள், யாரையும் பார்க்காமல்.

நான் எழுந்து நின்றேன்.

"யூஜென், நாந்தான் தடுத்தேன். நீ எலும்பு வாங்கறதப் பாத்தேன். பத்தாம போயிடுமோன்னு..."

"எலும்பா?" கரண்டியைக் கீழே வைத்தாள். "அவர் தம்பி ஊர்லேருந்து முழு ஆட்டையே அறுத்து அனுப்பியிருந்தாரு. சாறு கெட்டியாகணும்னு அவரு எப்பவும் தனியா எலும்பு வாங்கிப் போடுவாரு. நானும் போட்டேன்." என் பக்கம் திரும்பினாள். "நான் இல்லாதவதான், அக்கா. அதுக்காக என் பானைக்குள்ள நீ எட்டிப் பாக்கணுமா?"

மாப்பு கேட்டேன். அவள் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏழையின் மானத்தைக் காக்கப் போய் நானே அதை முற்றத்தில் போட்டு மிதித்திருந்தேன்.

மெய்லான்தான் கிண்ணத்தோடு எழுந்தாள்.

"சண்டைய அப்புறம் போட்டுக்கங்க. இதுக்கு மேல என்னால தாங்காது யூஜென், ஊத்து!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யூஜென் தலைத்துணியின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பானையை முற்றத்து அடுப்பில் ஏற்றிப் பற்ற வைத்தாள். ஒவ்வொருவராக வரிசை கட்டினார்கள். சிலர் இரண்டு முறை வந்தார்கள், மெய்லான் மூன்று முறை. நான் கடைசியில் நின்றேன். எனக்கு ஊற்றுவாளா என்று தெரியாது. நகரவும் மனமில்லை.

என் முறை வந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பானையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். கரண்டி அடியில் உரசுகிற சத்தம் கேட்டது.