கங்காணி கொடுத்த குதிரை

செல்லப்பன் கங்காணிக்கு மறதி அதிகம். இல்லாவிட்டால் மண்குதிரை செய்து தரச் சொல்லி கூலி லயத்தில் வெள்ளையம்மாவின் வாசலில் வந்து நின்றிருக்க மாட்டான்.

மலாயாவில் காஹாங்கிலிருந்து உள்ளே தள்ளி, காட்டை ஒட்டி இருந்தது ஆறாம் கட்டை ரப்பர் தோட்டம். 1927 தை மாதம். முந்தின மாதத்து வெள்ளத்தில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து முனியாண்டி கோயிலின் பழைய குதிரை நொறுங்கிப் போனது. மாசித் திருவிழாவுக்குள் புதுக் குதிரை நிற்க வேண்டும், அது தன் பெயரில் நிற்க வேண்டும், தொரை வந்து அதைப் பார்க்க வேண்டும். இதுதான் கங்காணியின் ஆசை.

"ஏ புள்ள, நீ வேளார் வீட்டுப் பொண்ணுதான? குதிரை செய்யத் தெரியுமா?"

"எங்கப்பாகூட செஞ்சிருக்கேங்க."

"அப்ப நாளையிலேருந்து உனக்குப் பால் வெட்டு வேணாம். காலைப் பெரட்டுல பேரு குடுத்துட்டு ஆத்தங்கரைக்குப் போயிரு. குதிரை சும்மா ஜம்முனு நிக்கணும். மண்ணு மிதிக்க உன் வீட்டுக்காரனையும் வச்சுக்க, நான் கணக்கெழுதுற கிராணிகிட்ட சொல்லிக்கிறேன்."

பக்கத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த காளியம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவருதான் செத்துட்டாரே கங்காணி."

"அட, எப்ப?"

"போன ஆவணியில."

"ஓ, அவனா?" என்றான் கங்காணி. வெற்றிலைச் சாற்றைச் சாக்கடையில் துப்பினான். "சரி, வேற யாரையாவது வச்சுக்க" என்று போய்விட்டான்.

ஐயாசாமி செத்த கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் கங்காணி லயத்துக்குள் புகுந்து அவனை இழுத்து வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிறுத்தினான். வெள்ளைக்காரத் தொரை வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஐயாசாமி முன்னால் நின்றார். இவனுக்கு என்ன என்று கேட்டார். கங்காணி சிரித்தான். "காய்ச்சல் இல்ல தொரை. நடிக்கிறான்." தொரையும் சிரித்துவிட்டு நகர்ந்தார். தோளில் வைத்த காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மேட்டில் ஏறும்போது ஐயாசாமி விழுந்தான். விழுந்த மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான்.

அன்று பெரட்டில் வெள்ளையம்மா கங்காணிக்கு ஐந்தடி தள்ளித்தான் நின்றாள். பால் வெட்டும் உளி அவள் கையில் இருந்தது. அவள் குத்தவில்லை. அதை நினைத்துத்தான் ஐந்து மாதமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷனை நினைத்து அழுகை வந்தது, தீர்ந்தும் போனது. அந்தச் சிரிப்பு மட்டும் தீரவில்லை. அதைச் சிரித்தவனுக்கே அது ஞாபகம் இல்லை என்று இப்போது தெரிந்ததும், சாக்கடையில் கிடந்த சிவப்பு எச்சிலைப் பார்த்தபடி அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அப்படிச் சிரிக்கும் தன் முகத்தை அவன் பார்க்க வேண்டும். ஒருமுறையாவது.

ஆற்றங்கரையில் மண் நல்ல பசையாக இருந்தது. மணலும் உமியும் சேர்த்துத் தானே மிதித்தாள். கால்கள் நான்கையும் உருளை உருளையாக நிறுத்தினாள். உள்ளே கூடாக விட்டு, மண்ணைத் திரித்துத் திரித்து அடுக்கி வயிற்றை எழுப்பினாள். அதெல்லாம் கை தானாகச் செய்யும் வேலை. தலையைத் தனியாகச் செய்து கடைசியில் கழுத்தில் ஒட்ட வேண்டும். அந்தத் தலையில்தான் சிக்கல்.

முதல் தலையில் கோபம் வந்துவிட்டது. விடைத்த மூக்கு, பிதுங்கிய கண், எல்லாக் காவல் குதிரையையும் போல. அது அவளுடைய கோபம், கங்காணியின் முகம் இல்லை. பிசைந்து மண்ணோடு மண்ணாக்கினாள். இரண்டாவது தலையில் அவன் மூக்கையும் கன்னத்து மருவையும் வைத்துப் பார்த்தாள். பார்த்த உடனே யாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சூளைக்குப் போகுமுன்பே உதைத்து உடைத்துவிடுவான். அதையும் பிசைந்தாள்.

மருவை வைத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். சிரிப்பை வைத்தால் அவனைத் தவிர எல்லாருக்கும் தெரியும். தொரை முன்னால் தன் முகம் எப்படிப் போகிறது என்று அவன் எங்கே பார்த்தான்? பார்த்தவர்கள் எல்லாம் கூலிகள்.

அவளிடம் கண்ணாடி கிடையாது. ஆற்றங்கரையில் குந்தி, அந்தச் சிரிப்பைத் தன் முகத்தில் வரவழைத்தாள். எங்கே இழுக்கிறது, எங்கே மடிகிறது என்று விரலால் தடவித் தெரிந்துகொண்டு, அதே விரலை மண்ணில் வைத்தாள். முதலில் கழுத்து உள்ளே போகிறது. தலை தாழ்கிறது, கண் மட்டும் மேலே ஏறுகிறது. இடது பக்கத்து மேலுதடு பல்லை விட்டு விலகுகிறது. கீழுதடு ஈரமாகத் தொங்குகிறது, எதையாவது போடுவார்களா என்பதுபோல. அவனுடைய சிரிப்பைத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஒருமுறை எழுந்துபோய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்ப வந்து மாட்டிக்கொண்டாள்.

சோறு கொண்டு வந்த காளியம்மா பின்னாலிருந்து பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, பல்லு வலியா?"

வெள்ளையம்மா அதே முகத்தோடு திரும்பினாள்.

"அலமாக்!" காளியம்மா நெஞ்சில் கை வைத்தாள். "கருமம் புடிச்சவளே, அந்த ஆளு எதுக்குடி உன் மூஞ்சியில வந்து ஒக்காந்திருக்கான்?"

"தெரியுதா?"

"குருடிக்கும் தெரியும்." பிறகுதான் அவள் பார்வை மண்தலைக்குப் போனது. உதட்டைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "வெள்ள, இது வெளிய தெரிஞ்சா உன்னைத் தோட்டத்த விட்டே வெரட்டிருவான்டி."

"வெரட்டட்டும். நான் என்ன இங்க புருஷனோட குடும்பம் நடத்திக்கிட்டா இருக்கேன்?"

காளியம்மா கொண்டு வந்த சோற்றைக் கீழே வைத்தாள். பிறகு, "கீழுதடு இன்னும் கொஞ்சம் தொங்கணும்" என்றாள்.

குதிரை காய்ந்துகொண்டிருந்தபோது கங்காணி பார்க்க வந்தான். வெள்ளையம்மா குதிரையின் கண்களைச் சேற்றுத் துணியால் சுற்றி வைத்திருந்தாள். கண் திறக்கும்வரை சாமி குதிரையின் கண்ணை யாரும் பார்க்கக் கூடாது என்றாள். கண் இல்லாமல் அந்த வாய் வெறும் குதிரை வாய்தான். கங்காணி சுற்றி வந்தான்.

"பல்லெல்லாம் தெரியுது, நல்லாத்தான் இருக்கு. தலை ஏன் குனிஞ்சிருக்கு?"

"சாமி முன்னால பணிவா நிக்குதுங்கய்யா."

"ம்." அவனுக்கு அது பிடித்துப்போனது. "பணிவு இருக்கணும். பணிவுதான் முக்கியம்."

ரப்பர் விறகும் காய்ந்த லாலாங் புல்லும் அடுக்கிச் சுட்டாள். வால் மட்டும் விரிசல் விட்டது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கண்ணை மறுபடி துணியால் கட்டிக் குதிரையைச் சுமந்துபோய்க் கோயிலில் நிறுத்தியபோது பூசாரி சபாபதிப் பண்டாரம் ஒரு தடை சொன்னார்.

"பொம்பள கண்ணு தொறக்கக் கூடாது. மை நான்தான் வைப்பேன்."

"நீங்களே வைங்க சாமி. பள்ளம் போட்டுத்தான் சுட்டிருக்கேன். அதுல மையை நெரப்பினா போதும்."

பள்ளங்கள் இரண்டும், பார்வை மேலே ஏறும்படி, மேலிமையை ஒட்டி இருந்தன. துணியை விலக்கிப் பார்த்த பண்டாரத்துக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை.

திருவிழா அன்று தோட்டமே வந்திருந்தது. கண் திறக்கும் குதிரை முதலில் தன் முகத்தையே பார்க்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் குதிரையைக் கொடுத்தவன் அதன் தலைக்குப் பக்கத்தில் நின்று, கையை நீட்டி முன்னால் கண்ணாடி பிடிக்க வேண்டும். சரிகை வேட்டியில் செல்லப்பன் குதிரையோடு கன்னம் சேர்ந்தாற்போல நின்றான். கிராணி வீட்டிலிருந்து கொண்டுவந்த, பித்தளைச் சட்டம் போட்ட பெரிய கண்ணாடி அவன் கையில் இருந்தது. பண்டாரம் துணியை அவிழ்த்து, பள்ளங்களில் மையை நிரப்பி விலகினார். உடுக்கு முழங்கியது.

கூட்டம் குதிரையைப் பார்த்தது. பிறகு ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத் தொரை வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு குதிரைக்கு நேர் எதிரே வந்து நின்றார். செல்லப்பனின் கழுத்து உள்ளே போனது. தலை தாழ்ந்தது. கண் மேலே ஏறியது. இடது உதடு பல்லை விட்டு விலகியது.

ஒரே முகம் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில்.

காளியம்மாவால்தான் முதலில் முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் சத்தம் வெளியே வந்துவிட்டது. பின் வரிசையில் யாரோ குதிரையைப் போலக் கனைத்தார்கள். அவ்வளவுதான், பெரியவர் சிறியவர் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்க்க, முகத்தை மாற்றாமலே செல்லப்பன் கண்ணை மட்டும் திருப்பினான். எதிரே கண்ணாடி இருந்தது.

வெள்ளையம்மா அதற்காகவே ஆள்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்வரிசைக்கு வந்திருந்தாள். அவன் கண்ணாடியில் குதிரையைப் பார்த்தான். பிறகு தன்னைப் பார்த்தான். திரும்பவும் குதிரையைப் பார்த்தான். தொரை எதிரே நிற்கும்போது அந்தச் சிரிப்பை எடுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. வாய் பாதி வழியில் நின்று துடித்தது. கறுத்த முகம் சாம்பல் பூத்து, நெற்றியில் வியர்வை கொட்டியது.

இதை உடைக்கலாமா என்று அவன் நினைத்தது அவளுக்குத் தெரிந்தது. கண் திறந்த குதிரையை எவன் உடைப்பான்? உடைத்தால், ஏன் உடைத்தாய் என்று கேட்பார்களே, என்ன சொல்வான்?

"என்னா செல்லப்பன்?" தொரை குனிந்து பார்த்தார். "ஒடம்பு சரி இல்லே? காய்ச்சலா?"

கூட்டத்தில் சிரிப்பு அடங்கியது.

"காய்ச்சல் இல்ல தொரை" என்றாள் வெள்ளையம்மா. கூட்டத்தின் கடைசிவரை கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள். "நடிக்கிறாரு."

தொரை சிரித்தார். அன்று சிரித்த அதே சிரிப்பு. கங்காணியின் தோளில் தட்டிவிட்டு நாற்காலிக்குப் போனார்.

செல்லப்பன் மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். ஆவணி, பெரட்டு, அங்கே நிற்க முடியாமல் நின்ற ஐயாசாமி, எல்லாம் இப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"மாலையைப் போடுங்க கங்காணி, நேரமாகுது" என்றார் பண்டாரம்.

அவன் மாலையை வாங்கிக் குதிரையின் கழுத்தில் போட்டான். வழக்கப்படி அதன் காலில் விழுந்தான். எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

மறுநாள் காலைப் பெரட்டில் கடைசி வரிசையில் ஒருவன் போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கினான். தொரை அவன் முன்னால் நின்று கங்காணியைத் திரும்பிப் பார்த்தார். கங்காணியின் கழுத்து உள்ளே போகத் தொடங்கியது, பாதியில் நின்றது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காய்ச்சல்தான் தொரை" என்றான் தரையைப் பார்த்து.

அந்த ஆள் ஆஸ்பத்திரிக்குப் போனான். பிழைப்பானா மாட்டானா என்று வெள்ளையம்மா யோசிக்கவில்லை. உளியை இடுப்பில் செருகிக்கொண்டு தன் மர வரிசைக்கு நடந்தாள். போகும் வழியில் கங்காணியைக் கடக்கும்போது ஒரு நொடி நின்றாள். கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மேலே ஏற்றி, இடது உதட்டை விலக்கி, அவனுக்கு அந்தச் சிரிப்பைக் காட்டிவிட்டுப் போனாள். அவன் இந்தத் தோட்டத்தில் இருக்கும்வரை தினமும் காட்டுவதாக இருந்தாள்.