முறிகண்டியில் நின்று வரும் இடிமழை

கிளிநொச்சியில் புறப்படும் இடிமழை ஏ-ஒன்பது வீதியாலேயே வவுனியாவுக்கு வரும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்றுதான் வரும். பஸ், லொறி, மந்திரிமாரின் வாகனம் என்று எல்லாம் நின்று தேங்காய் உடைத்துக் கடலை வாங்கிப் போகிற இடம் அது. மழைக்கு மட்டும் தனிச்சட்டமா? வவுனியாவில் றேடார் படம் பார்க்கிற உத்தியோகத்திலிருந்த சுமித்திரா முதலில் மெசின் பழுது என்றுதான் நினைத்தாள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மழையைக் காட்டுகிற சிவப்புத் திட்டு முறிகண்டியில் அசையாமல் நிற்கும், பிறகு வீதியின் வளைவு பிசகாமல் தெற்கே இறங்கும். கொழும்பிலிருந்து வந்த நிபுணர்கள் அங்கே மலை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள். வன்னியில் ஏது மலை? கடைசியில் கடலை வாங்குகிற நேரத்தையும் சேர்த்தே அவள் மழை சொன்னாள், பிழைக்கவில்லை.

தன் கலியாணத்தன்றுதான் புத்தி தடுமாறினாள். எத்தனையோ சாதகம் பார்த்துக் கடைசியாகப் பொருந்தியவன் கிளிநொச்சிக் கிருசாந்தன். கனகராயன்குளத்தில் வீட்டு முற்றத்தில் வெறும் துணிப்பந்தல். தலை நிறையப் பூவோடு போனைப் பார்க்கிறாள்: மாப்பிள்ளை வெளிக்கிட்ட கையோடு பின்னால் சிவப்புத் திட்டும் வெளிக்கிட்டிருக்கிறது. மழை முந்தினால் பந்தலுமில்லை, முகூர்த்தமுமில்லை. உடனே அவனுக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, முறிகண்டியிலை நிக்காமல் வாங்கோ. பின்னாலை இடி வருது!"

"உமக்கென்ன விசரே?" என்றான் கிருசாந்தன். "கலியாண நாளிலை பிள்ளையாரைத் தாண்டி வாறதோ? நிண்டுதான் வருவன்."

அதே வீதியால் வந்துகொண்டிருந்த மேளக்கார மாயாண்டியண்ணைக்கும் அதையே சொன்னாள். அந்தாள் பாவம், சொல்லுக் கேட்டு நிற்காமல் வந்தார். மாங்குளத்தில் அவருடைய வான் பழுதாகிப் படுத்துவிட்டது.

மாப்பிள்ளை வந்து இறங்கினார். பின்னாலேயே வந்த இடிமழை அவரை முந்தாமல், வாசல் படலைக்கு மேலே மரியாதையாக நின்றது. ஒரு துளி விழவில்லை. மேளத்தைத்தான் காணோம். தாலி ஏறும் நேரம் தும்மல் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் அடிக்கிறது? மாமியார் கமலாட்சிக்கோ காலையிலிருந்து மூக்கொழுகும் தடிமன். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்க, அவா மூக்கைச் சுருக்கினா. ஐயோ, என்ரை வாயாலை வந்த வினை என்று சுமித்திரா கண்ணை மூடிக்கொண்டாள்.

இடித்தது. முதல் முடிச்சிலிருந்து மூன்றாம் முடிச்சு வரை விடாமல் இடித்தது. கமலாட்சி ஏழெட்டுத் தும்மல் தும்மினா, பக்கத்திலிருந்தவைக்கே கேட்கவில்லை. பந்தி முடிந்த பிறகுதான் மழை பெய்தது.

மாலையில் நனைந்து வந்து சேர்ந்த மாயாண்டியண்ணை, கெட்டிமேளத்துக்கு என்ன செய்தனீங்கள் என்று கேட்டார். எல்லாரும் மேலே காட்டினார்கள்.

"மாங்குளம் வரைக்கும் கேட்டது," என்றார் அவர் தலையைத் துவட்டிக்கொண்டு. "கை பரவாயில்லை. தாளந்தான் கொஞ்சம் முந்துது."