விடுதிக்குப் பின்னால் அவரைக்கொடி

இனி விதை ஊன்றுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டுத்தான் ரங்கம்மா ஓசூருக்கு வந்தாள். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டை ஒட்டி அவளுக்கும் புருஷன் நாராயணப்பனுக்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது. கேழ்வரகு போட்டு, ஊடே அவரையும் விடுவார்கள். வருஷம் தவறாமல் யானை இறங்கியது. கடைசியாக இறங்கியபோது மறுநாள் அறுப்பு. விடிந்து போய்ப் பார்த்தால் வயலில் சேறும் சக்கையும்தான் கிடந்தன. அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. "இனிமே நான் ஒரு வெதையும் ஊன மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். நாராயணப்பன் எதிர்த்துப் பேசாமல், நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஓட்டப் போனார். அவள், கம்பெனிப் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தாள்.

விடுதி, ஊர் முடிந்து சானமாவுக் காடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தது. தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த பெண்கள். திருநெல்வேலிக்காரிக்கு அவள் சாம்பாரில் புளி போதாது, சேலத்துக்காரிக்குக் காரம் போதாது. பாதிச் சோறு குப்பைத் தொட்டிக்குப் போனது. ரங்கம்மா அதை மனசில் போட்டுக்கொள்ளவில்லை. வேலை என்றால் வேலை, அவ்வளவுதான் என்று இருந்தாள்.

ஆடி மாதம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை, தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடுவதால் காய்கறி வண்டி வராது என்று வார்டன் ஜெயப்ரியா போனும் கையுமாக வந்து நின்றாள். சமையலறையில் பருப்பும் வெங்காயமும் பூண்டும் கொஞ்சம் பச்சை மிளகாயும்தான் இருந்தன. ரங்கம்மா பின்பக்க ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். துணி துவைக்கிற தண்ணீர் ஓடும் அந்தக் காலி இடம் மழையில் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக எழுந்திருந்தது. தினமும் கண்ணில் பட்டதுதான், இன்றைக்குத்தான் பார்த்தாள். சாக்கடை ஓரத்தை விட்டுவிட்டு, வேலியை ஒட்டிய சுத்தமான மேட்டுப் பக்கமாகக் கூடையோடு போனாள்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்த மாதேஸ்வரி குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்லாவியிலிருந்து வந்து போன் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். வாயைக் கொப்பளித்துவிட்டுத் தானும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இது பண்ணக்கீரதானக்கா?"

"நாங்க அண்ணெ சொப்புன்னு சொல்லுவம்."

இருவரும் ஒவ்வொரு செடியாகக் கிள்ளி, அவரவர் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டே கூடையை நிரப்பினார்கள். குப்பைக்கீரைக்கு மட்டும் பெயர் ஒத்துப்போனது. ஒரு செடி கீரை மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இரண்டு பேருக்குமே அது என்னவென்று தெரியாததால் அதைத் தொடாமல் விட்டார்கள்.

பருப்போடு வேகவைத்து, பூண்டும் பச்சை மிளகாயும் போட்டு, மத்தால் கடைந்து இறக்கினாள் ரங்கம்மா. திருநெல்வேலிப் பெண் இது என்ன கீரை என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் தரம் வாங்கினாள். சாப்பாடு முடிந்தபோது குண்டானில் வழிக்க எதுவும் மிச்சமில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ரங்கம்மாவுக்கு அந்தக் காலிக் குண்டான்தான் ஞாபகத்தில் இருந்தது.

அதன்பின் பெண்களே கீரைக் கடைசல் எப்போது என்று கேட்க ஆரம்பித்தார்கள். இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, நாலு அவரை ஊன்றலாமே என்றாள் மாதேஸ்வரி. ரங்கம்மாவின் முகம் மாறிப்போயிற்று. அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

மாதேஸ்வரி விடவில்லை. சந்தையில் விதை வாங்கி வந்து, பள்ளமான இடத்தில் ஆழமாகப் புதைத்து வைத்தாள். எல்லாம் அழுகிப்போயின. மறுபடி வாங்கி வந்து மறுபடியும் அதே பள்ளத்துக்கே போனாள். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரங்கம்மாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அங்க தண்ணி நிக்குது மே. இந்தாண்ட மேட்டுல ஊனு" என்றபடி வெளியே வந்தாள். மண்வெட்டி எங்கே என்றாள். அது இல்லை என்றதும் உடைந்த தோசைக்கரண்டியால் தானே கொத்தி, மண்ணை உதிர்த்து, விரல் நுனி ஆழத்துக்கு விதைகளை வைத்து மூடினாள். உள்ளே வந்து கை கழுவும்போதுதான் நகக்கண்ணில் மண் இருப்பதைப் பார்த்தாள். அதைக் கழுவி எடுக்காமலே குழாயை மூடினாள்.

கொடி முள்வேலியைப் பிடித்து ஏறியது. ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் ஆளுக்கொரு கயிறு கட்டிவிட்டார்கள். அரிசி கழுவிய தண்ணீரை ரங்கம்மா கீழே கொட்டுவதை நிறுத்திவிட்டு வேருக்கு ஊற்றினாள். நாராயணப்பனிடம் இதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. பெண்களை இறக்கிவிட வந்த ஒருநாள் அவரே கொடியைப் பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டார்.

கார்த்திகை பிறந்தது, பனியோடு வெள்ளையும் ஊதாவுமாகப் பூவும் வந்தது. கூடவே யானையும் வந்தது. சானமாவில் ஒரு கூட்டம் நிற்கிறது, இருட்டின பிறகு யாரும் வெளியே வர வேண்டாம் என்று வனத்துறை ஜீப் ஒலிபெருக்கியில் சொல்லிப்போனது. மறுநாள் காலை பனி விலகுவதற்குள் ரங்கம்மா கையில் அரிவாளோடு கொடியடியில் நின்றாள்.

வேலையிலிருந்து திரும்பிய மாதேஸ்வரி ஓடிவந்தாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"அறுத்துப் போட்டுர்றேன். இதோட வாசனைக்கு அதுங்க வேலியத் தாண்டி உள்ள வந்தா? பொண்ணுங்க இருக்கற எடம்."

"அதுக்கு மட்டுந்தானாக்கா?"

ரங்கம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். அந்த வயலைப் பற்றி அதுவரை அவள் யாரிடமும் பேசியதில்லை. கதிர் எப்படி இருந்தது, எந்த மூலையில் அவரை அதிகமாகப் பிடித்திருந்தது, விடியற்காலையில் அங்கே எது கிடந்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "இன்னொரு தரம் என்னால பாக்க முடியாது மே" என்றாள்.

மாதேஸ்வரிக்குத் தூக்கம் கண்ணைச் சொருகியது. பக்கத்தில் உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

"நீங்க தனியா பாக்க வேணாங்க்கா. போச்சுன்னா எல்லாருமா சேர்ந்துதான் பாப்பம். இப்பவே எதுக்கு அறுக்கணும்?"

வார்டனிடம் கேட்டார்கள். யானைக்கு வாசலில் கொட்டுகிற எச்சில் சோறும் வாழைப்பழத் தோலும்தான் பெரிய அழைப்பு, முதலில் அதை மூடி வைப்போம் என்று ஜீப்பில் வந்த வனத்துறைக்காரர் சொன்னதாக ஜெயப்ரியா சொன்னாள். அன்றே குப்பைத் தொட்டி உள்ளே வந்தது, பின்பக்கம் விளக்கு போட்டார்கள். அரிவாள் தேங்காய் உரிக்கப் போய்விட்டது.

சில நாட்கள் கழித்து, கூட்டத்தை வேறு பக்கமாகக் காட்டுக்குள் விரட்டிவிட்டார்கள் என்ற செய்தியை நாராயணப்பன்தான் கொண்டுவந்தார். போகிற வழியில் யாருடைய கேழ்வரகோ போய்விட்டதாம். ரங்கம்மாவுக்கு நிம்மதியாகவும் இருந்தது, அந்த யாரோ ஒருத்தியை நினைத்து வேதனையாகவும் இருந்தது. அன்றைக்குக் கொடியடியில் நெடுநேரம் நின்றிருந்துவிட்டு வந்தாள்.

மார்கழியில் காய் முற்றியது. பனி குடித்த அவரைக்கு ஒரு மணம் உண்டு. பறித்த விரலில் எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டிக்கொண்டு சோப்புக்கும் போகாது. ஞாயிற்றுக்கிழமை, ஊறவைத்த கொட்டையை வட்டமாக உட்கார்ந்து பிதுக்கினார்கள். அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி எங்கேயாவது போய் விழும். திருநெல்வேலிப் பெண் பிதுக்கியது பாதி ஜெயப்ரியாவின் மடியில் போய் விழுந்தது. தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றிப் பிதுக்கம் பருப்புக் குழம்பு வைத்தாள் ரங்கம்மா. பக்கத்து அடுப்பில் மாதேஸ்வரி முழங்கை வலிக்க வலிக்கக் களி கிளறினாள்.

களியைப் பார்த்துப் பயந்த பெண்களுக்கு, மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது. அப்போது நாராயணப்பன் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தார். விழுங்கிக் காட்டச் சொல்லி அவருக்கும் ஒரு தட்டு போட்டார்கள். முதல் வாய் விழுங்கிவிட்டு ரங்கம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"வெதைக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சியா?"

"வெச்சிருக்கறேன்" என்றாள் அவள். "வர்ற ஆடிக்கு நெலத்துலயும் கொஞ்சம் ஊனிப் பாக்கலாமுன்னு இருக்கறேன். கேவுரு வேணாம். அவரை மட்டும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.