காற்று புகாத முகம்

அந்தக் குளிர்கிடங்கில் அவனைக் கரடி என்று கூப்பிடாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காலையில் முகத்தை வழித்துக்கொண்டு வருவான். மத்தியானம் கை கழுவும்போது கண்ணாடியில் பார்த்தால் தாடை கறுத்திருக்கும். சாயங்காலம் அந்தக் கன்னத்தில் மரத்தைத் தேய்த்தால் மரம் வழவழப்பாகிவிடும். தலையில் முளைக்க வேண்டியதெல்லாம் வழி தவறித் தாடைக்கு வந்துவிட்டதோ என்னவோ, மேலே பாதி வழுக்கை.

இதற்கெல்லாம் கூச்சப்படுகிற ஆள் இல்லை அவன். தன் மேல் அவனுக்கு அபார நம்பிக்கை. ஆனால் இப்போது அந்தத் தாடி அவன் வேலையிலேயே கைவைத்துவிட்டது.

விஷயம் இதுதான். கிடங்கில் மீனும் பழமும் கெடாமல் இருப்பது அம்மோனியாவின் தயவில். எங்காவது குழாய் கசிந்தால் உள்ளே புகுந்து வால்வை மூடவும், மாட்டிக்கொண்டவர்களை இழுத்து வரவும் ஒரு மீட்புக் குழு உண்டு. முகம் முழுக்க மூடும் ரப்பர் முகமூடியை மாட்டிக்கொண்டு இரண்டிரண்டு பேராகத்தான் போவார்கள். கரடிக்கு ஜோடி நெட்டை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். வாயு உள்ளே வராமல் இருக்க வேண்டுமென்றால் முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்ட வேண்டும். நடுவில் குத்துமுடி நின்றால் போச்சு, அது வழியாக வாயு நுழைந்துவிடும்.

அதனால் ஒவ்வொரு ஷிப்டு தொடங்கும்போதும் ஒரு சோதனை நடக்கும். ஒருவன் முகமூடியை மாட்டிக்கொள்வான். ஜோடிக்காரன் காற்றுக் குழாயின் வாயை உள்ளங்கையால் அடைப்பான். போட்டவன் மூச்சை இழுக்க வேண்டும். காற்றே வராமல் முகமூடி முகத்தோடு கவ்விக்கொண்டால் தேறிவிட்டான். காற்று வந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம்.

கரடிக்கு இந்த மாதம் இரண்டு முறை காற்று வந்துவிட்டது. இரண்டாவது முறை நெட்டையே கையை எடுத்துவிட்டு, "கசியுது மேடம்" என்று பாதுகாப்பு அதிகாரியிடம் சொன்னான். கரடிக்குச் சுருக்கென்றது.

"ஏன்டா, கொஞ்சம் கண்டுக்காம விட்டிருக்கக் கூடாதா?" என்றான் பிறகு.

"அன்னைக்குப் பயிற்சியில கண்டுக்காமத்தான் விட்டேன். உள்ள போய் நீ இருமின இருமல் இன்னும் என் காதுலயே நிக்குது. நெஜமாவே நீ உள்ள விழுந்தா யாரு தூக்கறது? உன் உடம்பைப் பாத்தியா? கிரேன் கொண்டாரணும்."

மேடம் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். "திங்கக்கிழமை நானே பக்கத்துல நின்னு பாப்பேன். மறுபடி கசிஞ்சா நீங்க பேக்கிங் செக்‌ஷனுக்குப் போயிடுங்க."

பேக்கிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் நெட்டையோடு வேறு எவனோ உள்ளே போவான், தான் வெளியே பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு நிற்போம் என்று நினைத்ததுமே கரடிக்கு வயிறு எரிந்தது.

முதல்நாள் ராத்திரியே வழித்தால் விடிவதற்குள் முளைத்துவிடும். காலையில்தான் வழிக்க வேண்டும். வீட்டிலோ ஒரே குளியலறை. அவனுக்கும் அதிகாலை ஷிப்டு, தையல் ஆலையில் துணி வெட்டும் அவன் மனைவிக்கும் அதிகாலை ஷிப்டு. எந்த வேலைக்கும் போகாத மாமியார்தான் எல்லோருக்கும் முன்னால் எழுந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வார். மிச்சமிருக்கிற நேரத்தில், மூன்று பிளேடு அடுக்கிய பிளாஸ்டிக் ரேசரை வைத்துக்கொண்டு கரடி மல்லுக்கட்டுவான். ஒரு இழுப்புக்குள் முடி அடைத்துக்கொள்ளும். குழாயில் காட்டி, தட்டி, ஊதி, மறுபடி இழுப்பதற்குள், "மாப்பிள்ளை, உள்ளயே குடியிருக்கப் போறீங்களா?" என்று கதவு தட்டப்படும். தாடைக்கு அடியில் வழிக்காமலே ஓட வேண்டியதுதான்.

"வேகமா வழிக்கிற ரேசர் வாங்கினா வேலை முடிஞ்சுது" என்றான் மனைவியிடம். சனிக்கிழமை ஷிப்டு முடிந்து கிளம்பும்போதே பயிற்சிக்கு வைத்திருந்த பழைய முகமூடி ஒன்றை மேடத்திடம் கேட்டு வாங்கி வந்திருந்தான், வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாமென்று. சாயங்காலமே இருவரும் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் இரும்பு ரேசர்களை ஒரு துண்டின் மேல் பரப்பினார். ஒற்றை பிளேடு, இரண்டு பக்கமும் கூர். ஒரு பக்கம் அடைத்தால் திருப்பி மறுபக்கத்தால் வழிக்கலாம். குழாயில் காட்டினால் முடி ஓடிவிடும். கரடிக்குக் கேட்கும்போதே தாடை அரித்தது.

"இது சாது" என்று கடைக்காரர் ஒன்றைக் காட்டினார். "பிளேடுக்கு அடியில இருக்கற தட்டுல விளிம்பு மூடியிருக்கு பாருங்க. வெட்டாது. இது கொஞ்சம் முரடு. தட்டுல சீப்பு மாதிரி பல்லு இருக்கும், பிளேடும் நல்லா வெளிய நீட்டியிருக்கும். பழக்கம் இல்லாதவங்க..."

"முரடுதான் சரி. என் தாடிக்கு இவன்தான் லாயக்கு."

"என்னங்க, அவர் சொல்லி முடிக்கட்டுமே" என்றாள் மனைவி. "பிளேடு கூரா இருந்தாப் போதும். துணி வெட்டறப்ப நாங்க அழுத்தவா செய்யறோம்?"

"துணி வேற, தோல் வேற."

"அதையேதான் நானும் சொல்றேன்."

கடைக்காரர் குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டார். கரடி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முரட்டு ரேசரைக் கையில் எடுத்து எடை பார்த்தான். கனமாக, ஜில்லென்று இருந்தது. திங்கட்கிழமையை அப்போதே ஜெயித்துவிட்ட மாதிரி விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நுரை தடவி, பழைய ரேசரை அழுத்துகிற பழக்கத்திலேயே இதையும் தாடை ஓரத்தில் வைத்து ஒரே இழுப்பு. ஐயோ! நுரை சிவந்துவிட்டது.

"என்ன சத்தம்?" என்றார் மாமியார் வெளியிலிருந்து.

"ஒண்ணுமில்ல அத்தை. ரேசர் நல்லா வேலை செய்யுது."

வழிப்பதை அப்படியே நிறுத்திவிட்டு, காயத்தில் பிளாஸ்டர் ஒட்டி, அதன்மேல் முகமூடியை மாட்டிப் பார்த்தான். அந்த நேரம் கதவைத் திறந்த மாமியார், குளியலறைக்குள் ரப்பர் மூஞ்சியும் கண்ணாடிக் கண்ணுமாக ஏதோ நிற்பதைக் கண்டு அலறிய அலறலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மனைவி ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, அவன் சொன்னபடி உள்ளங்கையால் குழாயை அடைத்தாள். அவன் மூச்சை இழுத்தான். ஜம்மென்று காற்று வந்தது.

பிளாஸ்டரின் ஓரம் வழியாகத்தான். குத்துமுடி செய்கிற அதே வேலையை இதுவும் செய்தது. கரடிக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. நாளைக்கு மேடம் பக்கத்தில் நிற்கப்போகிறார். நெட்டை பொய் சொல்ல மாட்டான்.

முகமூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தான். நெற்றி, நெற்றிப்பொட்டு, கன்னத்தின் பக்கவாட்டு, தாடைக்கு அடி என்று முகத்தைச் சுற்றி ரப்பர் அழுத்திய தடம் சிவப்பாக ஓடியது. பார்த்துக்கொண்டே நின்றான். சட்டென்று முகம் மலர்ந்தது.

"ஏம்மா, உன் சாக்கட்டி எங்க? சீக்கிரம் கொண்டா, தடம் மறைஞ்சிடும்."

துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் அவள் அந்தத் தடத்தின் மேலேயே கோடு போட்டாள். காதுக்கு முன்னால் இறங்கி, தாடையைச் சுற்றி, மறுகாது வரைக்கும். "இவ்வளவுதாங்க நாளைக்கு வெட்ட வேண்டியது" என்றாள். மூக்குக்குக் கீழே, மோவாய்க்கு முன்னால் காடே வளர்ந்திருந்தாலும் ரப்பருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. இத்தனை நாளும் கண்ணாடியில் நேராகத் தெரிகிற இடத்தை முதலில் வழித்துவிட்டு, ரப்பர் உட்காருகிற இடத்தை நேரமில்லாமல் விட்டுவிட்டு ஓடியிருக்கிறான்! தன் மண்டையில் தானே ஒரு தட்டு தட்டிக்கொண்டான்.

பிளாஸ்டரைப் பிய்த்தெறிந்துவிட்டுக் காயத்தில் படிகாரம் தேய்த்தான். எரிந்த எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்தாலும் ரத்தம் நின்றது. நேராகக் கடைக்குப் போனான். தாடையைப் பார்த்ததுமே கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"அந்தச் சாது ரேசர் குடுங்க. நான் தோத்துட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க" என்றான் கரடி.

"சேச்சே. வேற ரேசரே வேண்டாம் சார். கைப்பிடியும் மேல்மூடியும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அடித்தட்டை மட்டும் மாத்துங்க. நேத்தே சொல்ல வந்தேன், நீங்க எங்க விட்டீங்க?"

திங்கட்கிழமை விடிந்தது. குளியலறை தாழிட்டிருந்தது. கரடி கதவைத் தட்டவில்லை. சமையலறைத் தொட்டி மேல் கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்தான். நுரையை ரப்பர் உட்காரும் பாதையில் மட்டும் தடவினான். ரேசரை அழுத்தாமல், அதன் கனத்திலேயே இறங்கவிட்டான். ஒரு பக்கம் நிறைந்ததும் திருப்பினான்; மறுபக்கம் நிறைந்ததும் குழாயில் காட்டினான். காய்ந்திருந்த காயத்தைத் தொடாமல் சுற்றி வந்தான். தாடைக்கு அடியில் விரலை ஓட்டிப் பார்த்தான். சோப்பு மாதிரி வழுக்கியது. மாமியார் குளியலறையிலிருந்து வெளியே வருவதற்குள் வேலை முடிந்திருந்தது.

"என்ன மாப்பிள்ளை, வேலியை மட்டும் வெட்டிட்டுத் தோட்டத்தை விட்டுட்டீங்க?"

"தோட்டம் உள்ள இருக்கறதுதான் அத்தை. வேலிதான் முக்கியம்."

கிடங்கில் அவனைப் பார்த்ததும் குழுவே வாய்விட்டுச் சிரித்தது. ஓரமெல்லாம் வெள்ளை வெளேர். நடுவில், மூக்கைச் சுற்றி, இரண்டு நாள் தாடி. மேடம் கடுகடுத்தார். "வழிச்சுட்டு வரச் சொன்னேன். இது என்ன கோலம்?"

"ரப்பர் உக்கார்ற இடம் பூரா வழிச்சாச்சு மேடம். கசிஞ்சா இப்பவே பேக்கிங்குக்குப் போறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், நானே போறேன்."

முகமூடியை மாட்டிக்கொண்டு பட்டைகளை இழுத்து இறுக்கினான். நெட்டை எதிரில் வந்து நின்றான். கண்ணாடி வழியாக அவன் முகத்தைப் பார்த்தான் கரடி. சிரிப்பெல்லாம் போய், கரடியைவிட அவன்தான் அதிகமாகப் பயந்திருந்தான். நெட்டை குழாயைக் கையில் எடுத்து உள்ளங்கையால் இறுக்கி அடைத்தான்.

கரடி இழுத்தான்.

காற்று இல்லை. ரப்பர் முகத்தைக் கவ்விப் பிடித்தது. இன்னும் பலம்கொண்ட மட்டும் இழுத்தான். ஓரத்தில் எங்கும் ஒரு ஊசி முனையளவு காற்றுகூட வரவில்லை. நெஞ்சு அடைத்தது, காது இரைந்தது. மேடம் குனிந்து தாடை ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு நெட்டையை நோக்கித் தலையசைத்தார். இருந்தாலும் நெட்டை கையை எடுக்கவில்லை. நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி இன்னும் கொஞ்சம் அழுத்தினான். கரடியும் விலக்கவில்லை. மூச்சு முட்டியது. அப்பாடா என்றிருந்தது.