கன்னிமூலைப் பாறை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைப்பதற்கில்லை. கேரளத்துக் கொல்லயில் என்ற ஊரில் ஒரு வீட்டுக்குக் கல்யாணம் அழைக்கப் போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னால், தென்னை மூட்டில், ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம் என்கிற அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி கிடந்தது. உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு சிறிய தொட்டிகளும் துருப்பிடித்த ஓர் இரும்புச் சட்டமும் கிடந்தன. என்ன இது என்று கேட்டேன்.

"அதா? மருமவளுக்க ஒரு கிறுக்கு ஆக்கும். கடல வீட்டுக்குள்ள கொண்டுவரப் பாத்தா" என்றார் வீட்டுக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே அடுக்களையில் யாரோ ஒரு பாத்திரத்தை ஓங்கி வைத்தார்கள். அந்தப் பெண்ணை நான் பார்க்கவில்லை, பெயரும் தெரியாது. கைவசம் இருப்பது மூன்று தொட்டிகளும் ஒரு பாத்திரச் சத்தமும்தான். மற்றதெல்லாம் என் புளுகு. கிறுக்கு என்ற சொல்லை மட்டும் நான் உண்டாக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: 'நெய்யாறு கடலோடு சேரும் பூவாரில், அந்தி சிவக்கும் வேளையில், நீது தன்னந்தனியாக...'

[அடித்துவிட்டேன். அந்தி பார்க்க அவளுக்கு ஏது நேரம்? நெய்யாற்றின்கரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊரார் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, பேருந்தில் நின்றுகொண்டே வீடு திரும்புகிறவள் அவள்.]

இரண்டாம் தொடக்கம்: 'சின்ன வயதிலிருந்தே நீதுவுக்குக் கடல் என்றால்...'

[இதுவும் வேண்டாம். ஓர் ஆண் மீன் வளர்த்தால் யாரும் அவனுடைய சின்ன வயதைத் தோண்டுவதில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது, கட்டினாள். போதும்.]

மூன்றாவது தொடக்கம் நிலைத்தது:

நீது முதலில் கேட்டது ஒரு சுவரைத்தான். மாடியில் புதிதாக எடுத்த கூடத்தின் தெற்குச் சுவர். கணவன் சஜி சரி என்றான். மாமியார் பிரேமகுமாரி முகத்தைத் திருப்பினார். மாமனார் செல்லசாமி, பாறசாலையில் மரக்கடை நடத்தி ஓய்ந்தவர், யோசித்துவிட்டுச் சொன்னார்: "கெட்டிக்கோ மக்கா. ஆனா ஒண்ணு. அதில உள்ளது ஒண்ணொண்ணா செத்து நாறினா, அண்ணைக்கே எடுத்து வெளியில போட்டிரணும்."

அவள் ஒத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் தன்னுடையது என்று சொல்லக்கூடிய ஒரே இடம் அந்தச் சுவர். அது நிற்குமா போகுமா என்பதுதான் இந்தக் கதை.

திட்டம் மூன்றடுக்கு. உச்சியில் ஒரு சிறு தொட்டி. அதில் கண்டல் என்கிற அலையாத்தி நாற்றுகள் வேர்விட்டுத் தண்ணீரின் அழுக்கை உறிஞ்சும். நடுவில் பெரிய தொட்டி. அதில் பாறையும், மென்பவளமும், மீனும். அடியில் கதவுக்குள் மறைந்த மூன்றாவதில் மோட்டாரும், அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவியும். தண்ணீர் மேலிருந்து தானாக இறங்கும், மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். கரண்ட் போனால் எவ்வளவு தண்ணீர் கீழே வரும், அடித்தொட்டி அதைத் தாங்குமா, கூடம் நனையுமா என்றெல்லாம் பேருந்தில் வரும்போதே மனக்கணக்குப் போட்டாள். பவளத் துண்டுகள்கூடக் கடலில் பிடுங்கியவை அல்ல. இன்னொருவர் தொட்டியில் வளர்ந்து பிரிந்தவை.

"கடல் அங்க சும்மா கெடக்குது. நீ உப்பு வாங்கிக் கலக்குதியா?" என்றார் பிரேமகுமாரி.

"கரையில உள்ள வெள்ளம் அழுக்கு மாமி. எல்லாருக்க சாக்கடையும் அதிலதான் வந்து விழுது."

தண்ணீர் நிறைத்த பிறகும் உடனே மீன் விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பாறையில் குடியேறித் தண்ணீரைப் பக்குவப்படுத்தும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தாள். வந்தவர்களெல்லாம் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு, கல்லுக்கா இவ்வளவு லைட்டு என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

3

செல்லசாமியில் எனக்குச் சந்தேகம் உண்டு. என் கதைகளை முதலில் படிக்கிற சிநேகிதி ரெஜிலா, "வில்லன் மாமனாரு பழசு. கொஞ்சம் எரக்கம் வாற மாதிரி எழுதுங்க" என்றாள். சரி என்று அவருக்கு ஒரு தோள்வலி கொடுத்தேன். வலது கை தோளுக்குமேல் எழும்பாது. சட்டையைப் பிரேமகுமாரிதான் மாட்டிவிடுவார். மருமகள் வேலைவிட்டு வரத் தாமதமானால் வாசலில் வந்து நிற்பார். பாருங்கள், இரக்கம் வருகிறது. இவ்வளவு மலிவாக வரும் இரக்கத்தின்மீது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

சஜியைப் பற்றி யோசிக்கவே இல்லை. அமைதியான ஆள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன், நல்ல கணவன் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

4

முதலில் நத்தைகள் செத்தன. காலையில் பார்த்தால் ஒன்று கவிழ்ந்து கிடக்கும், மறுநாள் இன்னொன்று. பிறகு இறால்கள். பிறகு பவளத் துண்டுகள் சுருங்கி, விரிய மறுத்து, கரைந்துபோயின. ஆனால் இரண்டு ஆரஞ்சு மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் துள்ளிக்கொண்டிருந்தன. அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை, உப்பு சரி, சூடு சரி. சோதனை செய்து சம்பாதிக்கிறவள் தன் கையையே சந்தேகிக்கத் தொடங்கினாள். சோப்பு ஒட்டியிருந்ததோ? தீனி கூடிப்போனதோ? முகத்துக்குக் கிரீம் பூசுவதைக்கூட நிறுத்தினாள்.

கூடத்தில் நாற்றம் எழுந்தது. பிரேமகுமாரி படியேறி வந்தார்.

"அந்த நாளுல நீ இதுக்குள்ள கை விட்டியா?"

"எந்த நாளுல மாமி?"

"உனக்குத் தெரியாதா? தீட்டுள்ள கைய விட்டா பின்ன எது நிக்கும்?"

சஜி போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மா, விடுங்க" என்றான்.

[இங்கே முதலில், 'நீது ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள்' என்று எழுதியிருந்தேன். வாயில்லாப் பெண்ணை எழுதுவது எழுத்தாளனுக்கு வசதி. அவளுக்காக அவனே பேசிக்கொள்ளலாம். அடித்துவிட்டேன். அவள் பேசினாள்.]

"நான் நாள் முழுக்கப் பாக்கிறது ரத்தம்தான் மாமி. உங்களுக்க ரத்தமும் நான்தான் எடுத்துப் பாத்தேன். அண்ணைக்கு என்ன நாளுன்னு நீங்க கேக்கல்ல. நீங்க சாவவும் இல்ல."

5

சோதிக்காமல் விட்டிருந்தது செம்பு ஒன்றைத்தான். எங்கேயும் செம்பு இல்லை என்று அவளுக்கு அவ்வளவு உறுதி. செம்பு மீனைக் கொல்லாவிட்டாலும் நத்தையையும் இறாலையும் பவளத்தையும் கொல்லும். கடைசி முயற்சியாக, ஒரு குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, செம்பு இருந்தால் நீலம் காட்டும் மருந்தைச் சொட்டினாள். தண்ணீர் நீலமானது.

மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டுப் பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். தென்மேற்கு மூலையில், எல்லாவற்றையும் தாங்கி நின்ற பெரிய பாறையை மூச்சுப் பிடித்துச் சரித்தபோது, அடியில் சிவப்புப் பட்டில் முடிந்த ஒரு பொட்டலம். பட்டு அழுகியிருந்தது, உள்ளே பச்சைக் களிம்பு. பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த வீட்டுக்குக் கல்லிட்டபோதும் கன்னிமூலையில், அதாவது தென்மேற்கில், இதைத்தான் வைத்தார்கள் என்று கேட்டிருக்கிறாள். ஈரக் கையோடு கீழே இறங்கினாள்.

"இது என்னது மாமா?"

"பஞ்சலோகம் ஆக்கும். நீ வெள்ளம் விடதுக்கு முன்னால வச்சது. எது கெட்டினாலும் கன்னிமூலையில வைக்கணும். நல்லா வரட்டும்னுதானே மக்கா."

"இதில செம்பு உண்டு மாமா. அதுதான் எல்லாத்தையும் கொன்னிருக்கு. எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"சொன்னா நீ சம்மதிப்பியா?"

ரெஜிலா இந்த இடத்தில் ஓரத்தில் எழுதினாள்: 'பாவம்லா! அன்பிலதானே செய்தாரு.' எனக்குத் தலைக்கேறியது. தெரியாமல் செய்தால் பாவம் என்று சொல்லலாம். சம்மதிக்க மாட்டாள் என்று தெரிந்து, அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்துச் செய்ததை எப்படி அன்பில் சேர்ப்பது? அடுத்து அவர் சொன்னதையும் கேளுங்கள்.

"செரி, போனது போச்சு. அண்ணைக்குப் பறஞ்சது பறஞ்சதுதானே. நாளைக்கு எடுத்து வெளியில போட்டிருவோம்."

செம்பு பாறைக்குள்ளும் கண்ணாடியை ஒட்டிய பசைக்குள்ளும் ஊறியிருந்தது. அந்தத் தொட்டியை நம்பி இனி அவள் ஒரு நத்தையைக்கூட விடமாட்டாள். கெடுத்தவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

6

கதை இங்கே முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிறகு ரெஜிலா போன் செய்தாள்.

"ஒரு சின்ன தப்பு உண்டு. மாமனாருக்குக் கை எழும்பாது, சட்டைய பெண்டாட்டிதான் மாட்டிவிடும்னு நீங்கதானே எழுதியிருக்கிய? பின்ன அந்தப் பாறைய ஆரு தூக்கினது?"

ஓட்டையை அடைக்கப் பார்த்தேன். பாறையைச் சிறிதாக்கினால் மேலே உள்ளவை சரியும். முக்காலி போட்டால் ஆள்தான் உயரும், பாறை தூக்கும் தெம்பு கைக்கு வராது. பேசாமல் தோளைக் குணப்படுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்புறம், நீது வேலைக்குப் போன அந்தப் பகலில் வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று என் கதையை நானே புரட்டினேன்.

பிரேமகுமாரியால் அந்தப் பாறையை அசைக்கக்கூட முடியாது. சஜி இருந்தான்.

அடித்தொட்டிக்குக் குழாய் பொருத்தியபோது பித்தளை முனை வாங்கிவந்தவன் அவன். "பித்தளையில செம்பு உண்டு சஜியண்ணா. இந்த வெள்ளத்துக்கு அது விஷம், நத்தை முதல்ல சாவும்" என்று அவள் திருப்பிக் கொடுக்க, பிளாஸ்டிக் முனை மாற்றி வந்தவனும் அவன்தான். [இந்தப் பக்கம் கணவனையும் அண்ணன் என்று கூப்பிடுவதுண்டு. மற்ற ஊர் வாசகர்கள் பதற வேண்டாம். பதற வேண்டிய இடம் வேறு.]

அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் குனிந்து, பாறையைத் தூக்கி, அப்பாவின் கை நுழையுமட்டும் பிடித்துக்கொண்டு நின்றான். நத்தை கவிழ்ந்தபோதும் தெரியும். பெற்றவள் தீட்டு என்றபோதும் தெரியும். அப்போது அவன் வாயிலிருந்து வந்தது இரண்டே சொற்கள். கிழவரைத் திட்டிக்கொண்டு நான் இத்தனை பக்கம் வீணாக்க, இவன் என் கண்ணெதிரிலேயே நல்லவனாக உட்கார்ந்திருந்தான்.

7

முடிவுகள்.

ஒன்று: சஜி புதுத் தொட்டி வாங்கித் தருகிறான், எல்லோரும் அழுகிறார்கள். இது ரெஜிலாவுக்குப் பிடித்தது. எழுத என் கை கூசுகிறது.

இரண்டு: வாளியிலுள்ள மீன்களோடு நீது வீட்டை விட்டு... [வேண்டாம். பெண்களை வீட்டை விட்டு அனுப்புவது கதையில் ஒரு வரி வேலை. மறுநாள் அவள் எங்கே போய்க் குளிப்பாள் என்று யாரும் எழுதுவதில்லை.]

மூன்று: சுத்தியலால் தொட்டியை... [அவள் கட்டியதை அவளே எதற்கு உடைக்க வேண்டும்?]

ஆகவே இவ்வளவுதான் எழுதுகிறேன். மாடிப்படியின் நடுவில் நீது நிற்கிறாள். உள்ளங்கையில் பச்சைக் களிம்பு. மேலே போக வந்த சஜிக்கு அவள் வழிவிடவில்லை.

"பாறைய ஆரு தூக்கினது சஜியண்ணா?"

அவனிடம் பதில்கள் உண்டு. அப்பா சொன்னா நான் எப்பிடி மாட்டேன்னு சொல்லுவேன்? இத்தினிக்கூண்டு துண்டு என்ன செய்யும்னு நினச்சேன். ஒரு மீன்தொட்டிக்கா இவ்வளவும்? எதை எழுதினாலும் நீங்கள் அதை எடைபோட்டுப் பார்ப்பீர்கள், பார்க்கப் பார்க்க அவன்மேல் இரக்கம் வந்துவிடும். அதனால் அவன் வாயை நான் திறக்கப்போவதில்லை.

நீங்கள் சொல்லுங்கள். எந்தப் பதிலானாலும் சரி. ஆனால் என்னிடம் சொல்ல வேண்டாம். படியில் நிற்கிற அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.