இரண்டாவது ஆணி

"ஒரு பட்டம் சுவரில தொங்குதுதானே, மகள். இன்னொண்டைத் தொங்கவிட இந்த வீட்டில சுவர் எங்க இருக்கு?" என்றார் மர்சூக் ஹாஜியார்.

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் கதிரையும் அவரோடு சேர்ந்து குலுங்கியது. வீட்டுக்காரர் பக்கீர், தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் பாதிச் சிரிப்புச் சிரித்தார். குசினி வாசலில் நின்ற மகள் ஹிதாயா சிரிக்கவில்லை.

சுவரைப் பற்றி ஹாஜியார் சொன்னதில் பிழையில்லை. இருபது வருஷம் புத்தளத்தில் அகதியாகக் கிடந்துவிட்டு மன்னார் முசலிப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவர்களுக்கு வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. பூசாத கல்லுச் சுவர் நாலு, மேலே தகரம். சுவரில் ஒரே ஒரு ஆணி. அதில் ஹிதாயாவின் கலைப்பட்டம் கண்ணாடிக்குள் தொங்கியது. முகாம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லை என்பதால் அவள் தலையில் கட்டப்பட்ட பட்டம் அது. அதைக் காட்டி அவள் பெற்றது, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை என்ற பெயரும் மாதம் மூவாயிரம் ரூபாயும்தான்.

ஊர் திரும்பியபோது பாதிக் காணி காடு பத்திக் கிடந்தது. யாரோ ஒரு அரசாங்கக் கந்தோரில் அதைக் காடென்றே நினைத்து வரைபடத்தில் பச்சை அடித்துவிட்டார்கள். பக்கீரின் இரண்டு ஏக்கரும் அந்தப் பச்சைக்குள் போயிற்று. வழக்குப் போட்டார்கள். ஊரார் பிடித்த சட்டத்தரணி தவணைக்குத் தவணை பீஸ் வாங்கினார். தவணைக்கு வர மட்டும் மறந்தார். ஒருநாள் நீதவான் கேட்ட கேள்விக்கு ஹிதாயாவே எழும்பிப் பதில் சொல்லப் போனாள். "நீங்கள் சட்டத்தரணியோ? இல்லையெண்டா பேசாம இருங்கோ" என்றார்கள். இருந்தாள். ஆனால் அன்று பஸ்ஸில் வரும்போதே முடிவெடுத்துவிட்டாள். திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் பரீட்சை எழுதித் தெரிவாகியும் விட்டாள். மாதக் கடைசிக்குள் காசு கட்டவேண்டும்.

அரசாங்க உதவி கேட்டுப் பார்த்தாள். "நீங்கள் ஏற்கெனவே பட்டதாரி" என்று அனுப்பிவிட்டார்கள். வேலை கேட்டுப் போனபோது ஒருவருக்கும் ஞாபகம் வராத விஷயம் இது. மிச்சமிருந்தது ஊர் நலன்புரி நிதியம். கத்தாரிலும் குவைத்திலும் வெயிலில் காயும் ஊர்ப் பொடியன்கள் அனுப்பும் காசு. அதற்குத் தலைவர்தான் மர்சூக் ஹாஜியார்.

"வாசி தம்பி" என்றார் அவர். செயலாளர் அஸ்மி, நிதியத்தின் காசில் படித்து முடித்த பிள்ளை, விதிப் புத்தகத்தைத் திறந்தான்.

"பிரிவு நாலு. கல்வி உதவி ஒருவருக்கு ஒரு பட்டத்துக்கு மாத்திரம்."

"முதல் பட்டத்துக்கு நான் உங்களிட்ட ஒரு சதமும் வாங்கேல்லையே, ஹாஜியார்."

"வாங்கினியோ இல்லையோ எண்டதில்ல மகள் கதை. பட்டம் இருக்கோ இல்லையோ? இருக்கு. ரெண்டாவது எண்டா அது ஆசை. ஆசைக்கெல்லாம் நிதியத்தில பிரிவில்லை. ஆனா உன்ன வெறுங்கையோட விடமாட்டம். அடுத்தத வாசி, தம்பி."

"பிரிவு அஞ்சு. கலியாண உதவி ரெண்டு லட்சம். விதவைகளுக்கு ரெண்டாந் தரமும் வழங்கலாம்."

ஹிதாயாவின் புருஷன் ரியாஸ் புத்தளத்தில் உப்பு லொறி அடித்து மவுத்தாகி ஆறு வருஷம். அந்த முதல் கலியாணத்துக்கும் இதே நிதியம் இருபத்தையாயிரம் கொடுத்திருந்தது.

"மாப்பிள்ளையும் பாத்தாச்சு" என்றார் ஹாஜியார். "ஹாட்வெயார் கடை நெய்னா முதலாளி."

நெய்னாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மனைவி மவுத்தாகிப் பத்து மாதம். அவருடைய மூத்த மகள் ஹிதாயாவை விட ஒரு வயதுதான் இளையவள். முதல் மனைவி வீட்டில் சீதனமாக வாங்கிய கைக்கூலியில்தான் அவர் கடையே போட்டார். இப்போது சீமெந்து அடுக்க ஒரு கொட்டில் தேவைப்பட்டது. நிதியம் கொடுக்கும் இரண்டு லட்சம் அந்தக் கொட்டிலுக்கு என்று ஆண்கள் பேசி முடித்திருந்தார்கள்.

"ரெண்டாவது கலியாணத்துக்குக் காசிருக்கு. ரெண்டாவது படிப்புக்கு இல்ல" என்றாள் ஹிதாயா.

"அது கடமை, மகள். இது ஆசை."

"ஹாஜியார் நல்லதுக்குத்தானே சொல்லுறார்" என்றார் பக்கீர், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"சரி, வரச்சொல்லுங்கோ" என்றாள் ஹிதாயா. பக்கீரின் கோப்பையிலிருந்த தேத்தண்ணீர் சாரத்தில் கொட்டியது.

மார்க்கத்தில் கொடுக்கவேண்டியவன் ஆண். அதற்கு மஹர் என்று பெயர். எவ்வளவு என்று கேட்பது பெண்ணின் உரிமை. ஊரில் நடப்பது வேறு. ஆண் நூற்றியொரு ரூபாய் மஹர் கொடுத்துவிட்டு இரண்டு லட்சம் கைக்கூலி எடுத்துக்கொண்டு போவான். தொழுகையில் விரல் அசைப்பதற்குக் கூட இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை பிடிக்கும் ஊர், இந்தக் கணக்கில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை!

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நெய்னா வந்தார். புதுச் சாரம், அத்தர் வாசம், தாடிக்குக் கறுப்புச் சாயம். அதே பிளாஸ்டிக் கதிரை, அதே தேத்தண்ணீர். அஸ்மி கூட்டக் குறிப்புப் புத்தகத்தை மடியில் விரித்துவைத்திருந்தான்.

"மஹர் வழமை மாதிரி நூற்றியொண்டுதானே" என்றார் நெய்னா.

"மஹர் பெண் கேக்கிறதுதானே, ஹாஜியார்?" என்றாள் ஹிதாயா குசினி வாசலிலிருந்து.

ஹாஜியாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மார்க்கச் சட்டம் கேட்டால் அவர் எப்போதும் நிமிர்வார். "ஓம் மகள், அதில என்ன சந்தேகம்? மலையளவு பொன் கேட்டாலும் குடுக்கத்தான் வேணும்."

"மலையெல்லாம் வேணாம். நான் சட்டம் படிச்சு முடிக்கிற நாலு வருஷப் பீஸும் போக்குவரத்தும். ரெண்டரை லட்சம். நிக்காஹுக்கு முதல் என்ர கையில."

நெய்னா வியாபாரி. கணக்கு அவர் முகத்திலேயே ஓடியது. "ரெண்டு வருகுது, ரெண்டரை போகுது... ஐம்பதாயிரம் நட்டம்" என்று வாய்விட்டே சொன்னார். பிறகு எழும்பினார். "எனக்கென்ன விசரோ? கோட்டுக்குப் போற பொம்புளையை வீட்டுக்குள்ள வைச்சிருக்க நானே காசு கட்டுறதோ?"

தேத்தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டார். அவருடைய மோட்டார் சைக்கிள் உதைக்கும் சத்தம் மூன்று தரம் கேட்டது. நாலாவது உதைக்குத்தான் ஸ்டார்ட் ஆனது.

ஹாஜியார் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். "சரி, பெண் தரப்பு மறுப்பு எண்டு எழுது, தம்பி."

"நான் எங்க மறுத்தனான்? மஹர் கேட்டனான்" என்றாள் ஹிதாயா. "தம்பி, இப்பிடி எழுதுங்கோ. மாப்பிள்ளை ஏற்கெனவே ஒருதரம் கைக்கூலி எடுத்தவர். ரெண்டாந் தரத்துக்குத் தகுதியில்லை."

அஸ்மி அவளைப் பார்த்தான். ஹாஜியாரைப் பார்த்தான்.

"எழுதிப்போடாதே!" என்றார் ஹாஜியார்.

"எழுதிட்டன், ஹாஜியார்" என்றான் அஸ்மி. "பேனையால."

அடுத்த பொதுக்கூட்டத்தில் அந்த வரியை அவன் சத்தமாக வாசித்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் இருந்த இடத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. ஹாஜியார் மூன்று தரம் இருமியும் அது அடங்கவில்லை.

ஹிதாயா அதைக் கேட்கவில்லை. அவள் மன்னாரில், நகை விற்ற காசோடு, படிப்புக் காசு கட்ட வங்கி வரிசையில் நின்றாள். காலையில் பக்கீர் அலுமாரியைத் திறந்து, ரியாஸ் மஹராகப் போட்ட இரண்டு பவுண் சங்கிலியை எடுத்து அவள் கையில் வைத்திருந்தார். மவுத்தானவன் போட்டது, விற்கவே கூடாது என்று ஆறு வருஷம் அதற்குக் காவல் இருந்தவர் அவர்தான்.

"மஹர் எண்டு சரியாக் குடுத்தவன் அவன் ஒருத்தன்தான், மகள். அவன்ர காசில படி."

"இது முதல் வருஷத்துக்குத்தான் காணும், வாப்பா."

"மற்றதுக்கு இன்னும் ஒரு வருஷம் கிடக்குத்தானே" என்றார் பக்கீர்.

பின்னேரம் பற்றுச்சீட்டோடு அவள் வீடு திரும்பியபோது டொக் டொக் என்று சத்தம் கேட்டது. பக்கீர் அதே பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்று, கலைப்பட்டத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"நாலு வருஷம் கிடக்கே, வாப்பா. இப்பவே ஏன்?"

"கிடக்கட்டும். ஹாஜியார் அடுத்தமுறை வந்தா, சுவர் எங்க எண்டு கேக்கக் கூடாது."

ஆணி நெய்னா முதலாளியின் கடையில் வாங்கியது. கைக்கூலி இல்லாமல் அவரிடமிருந்து அந்த வீட்டுக்கு வந்தது அது ஒன்றுதான்.